பேரு மட்டும் வேலைக்கு வந்துச்சு

எங்க தோட்டத்து மேனேஜர் தொரையோட மேசையில இருந்த கம்ப்யூட்டர்ல என்னோட சம்பள புரோகிராம் வந்து நின்னப்ப, நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சு வாசப்படி வரைக்கும் போயிட்டேன். பொய்யில்ல. அது என் மேசை கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற சாமான். நான் அதைத் தூக்கிட்டு வரல, ஒரு டிஸ்கெட் கூட கொண்டு வரல. என் பேரை அடிச்சேன், பாஸ்வேர்ட் அடிச்சேன், அவ்வளவுதான். சுவரைத் தாண்டி என் பின்னாலயே வந்துருச்சு. "அடி ஆத்தாடி, இது எப்படி இங்க வந்துச்சு?"ன்னு நான் போட்ட சத்தத்துல ஆபீஸ் தலைமைக் கிளார்க்கு, எங்க பெரிய கிராணி, கண்ணாடியைக் கையில புடிச்சிக்கிட்டே ஓடி வந்தாரு.

பக்கத்துல நின்ன பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சுச்சு. கம்பெனியோட சிரம்பான் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கற பொண்ணு அது. சிரம்பான்ல பரம்பரையா கடை வச்சிருக்கற குடும்பம், பேச்சு கூட இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். நாங்க மிஸ்னு கூப்பிடுவோம். "பயப்படாதீங்க அக்கா. இனிமே புரோகிராம் கம்ப்யூட்டருக்குச் சொந்தம் இல்ல, உங்களுக்குச் சொந்தம். நீங்க எங்க உக்காந்து உங்க பேரைத் திறந்தாலும் உங்க வேலை அங்க வந்துடும்"னு சொல்லுச்சு.

தொண்ணூறுகளோட கடைசி அது. எங்க தோட்டம் மலேசியாவுல, ரந்தாவ் பக்கத்துல. கித்தா மரத்தை, அதான் ரப்பர் மரத்தை, பாதிக்கு மேல சாய்ச்சிட்டு செம்பனை வச்சிட்டாங்க. ஆனா ஆபீஸ் மட்டும் அதே பழைய பலகைக் கட்டடம். அதுக்குள்ள சம்பள கம்ப்யூட்டர் என் மேசையில, ஸ்டோர் கம்ப்யூட்டர் ஸ்டோர் ரூம்ல, கடுதாசி அடிக்கற கம்ப்யூட்டர் பெரிய கிராணி மேசையில. தொரை ரூம்ல இருந்ததுல அவரு சீட்டு விளையாடுவாரு. எந்த வேலைக்கு எதுன்னு சாமிக்கு நேர்ந்து விட்ட மாதிரி எழுதி வச்சாச்சு. சம்பள கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சுன்னா சம்பள வேலையும் படுத்துக்கும். பக்கத்து மேசையில நல்லா இருக்கற கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும், ஆனா அதுல புரோகிராம் இருக்காது. ஒரு மழைக்காலத்துல இடி விழுந்து என்னோடது செத்துப் போச்சு. தோட்டம் முழுசுக்கும் கையாலயே கணக்கு எழுதி என் விரல் வீங்கிப் போச்சு. அந்தக் கடுப்பு எனக்குள்ள இருந்துச்சு. அதனால மிஸ் சொன்னது மண்டையில ஏறுனதும் எனக்குத் தலைகால் புரியல.

"அப்ப இது பால் வெட்டுற கத்தி மாதிரின்னு சொல்லுங்க மிஸ். இன்னைக்கு எந்த நிரை மரத்துக்கு அனுப்புனாலும் கத்தி அவங்கவங்களோடது."

"அதேதான் அக்கா. அதனாலதான் பாஸ்வேர்டை யாருகிட்டயும் சொல்லக்கூடாது. மூணு தடவை தப்பா அடிச்சா பேரு பூட்டிக்கும். அப்புறம் நான் சிரம்பான்ல இருந்து திறந்து விடணும்."

எனக்கு சம்பளம், ஸ்டோர் பொண்ணுக்கு ஸ்டோர், பெரிய கிராணிக்கு கடுதாசின்னு ஆளுக்கு ஆளு வேலையைப் பிரிச்சுக் கொடுத்துட்டு, மிஸ் சாயங்காலம் சிரம்பானுக்குப் போயிருச்சு. மறுநாள் காலையில பெரிய கிராணி எங்க எல்லாரையும் கூப்பிட்டாரு. நல்ல மனுசன்தான். நெத்தி நிறைய விபூதி இல்லாம ஆபீஸ் படி ஏற மாட்டாரு. யாரு வீட்டுல சாவுன்னாலும் முதல் ஆளா போயி நிப்பாரு. பென்ஷனுக்குக் கொஞ்ச வருசம்தான் பாக்கி. அவரு சொன்னாரு: "ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் வச்சா மறந்து போயிரும். எல்லாருக்கும் ஒண்ணே போதும். முனியாண்டி."

ஆபீஸுக்குப் பின்னால மரத்தடியில சுருட்டும் சாராயமும் வாங்கிக்கிட்டு எங்களைக் காவல் காக்கறாரே, அந்த முனியாண்டிதான். "அவரைத் தாண்டி எவன் உள்ள வந்துருவான்?"னு கேட்டாரு.

"ஐயா, சாமியைக் காவலுக்கு வச்சா சரி. சாமியையே சாவியா அடிச்சு ஊருக்கெல்லாம் கொடுத்துட்டா அப்புறம் யாரு ஐயா காவல்?"னு நான் கேட்டேன்.

"உனக்கு வாய் காது வரைக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் விடல. என் பேருக்கு மட்டும் வேற பாஸ்வேர்ட் மாத்திட்டேன். அது தெரிஞ்சதும், "சாமி பேரை எடுத்துட்டியா, விளங்குமா?"ன்னு ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தாரு. மத்தவங்களுக்கெல்லாம் முனியாண்டிதான். வெளிக்காட்டுல ஆளுங்களை வேலை வாங்கற மண்டோருங்களுக்குக் கூட அது தெரிஞ்சு போச்சு.

அது கூட பரவாயில்ல. அதுக்கப்புறம் அவரு ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதுலதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "காலையில வந்ததும் எல்லார் பேரையும் திறந்து வச்சிருவோம். யாராவது வரலைன்னா இன்னொருத்தர் திறந்து வேலையைப் பாத்துக்கலாம். பெரட்டுல பேரு சொல்றோமே, அது மாதிரிதானே!"

பெரட்டு என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். விடியறதுக்கு முன்னாடி வேலைக்காரங்க எல்லாரும் களத்துல வரிசையா நிப்பாங்க. மண்டோரு ஒவ்வொரு பேரா கூப்பிடுவாரு. "இருக்கேன்"னு குரல் கொடுத்தாத்தான் அன்னைக்கு வேலை, அன்னைக்குக் கூலி. முடியாதவங்க பேரைக் கூப்பிட்டா, கூட்டத்துல இருந்து இன்னொருத்தர் குரல் கொடுப்பாங்க. கொடுத்தவங்களே போயி அந்த நிரையையும் வெட்டி முடிப்பாங்க. மண்டோருக்குத் தெரியும், கண்டுக்க மாட்டாரு. தோட்டத்துல இதுக்குப் பேரு திருட்டு இல்ல, தர்மம். அந்தத் தர்மத்துல பாதித் தோட்டம் சோறு தின்னுச்சு.

அந்தத் தர்மத்துலதான் எங்கம்மாவோட வலது கை போச்சு.

எழுபதுகள்ல நடந்தது. நான் அப்ப பள்ளிக்கூடத்துப் புள்ளை. லயத்து வீட்டு வரிசையில எங்களுக்கு அடுத்த வீட்டு அத்தை குழந்தை பெத்து அஞ்சாறு நாள்தான் ஆச்சு. படுத்திருந்தா கூலி இல்ல. எங்கம்மாவுக்கு அப்ப நிரந்தர வேலை கிடையாது, கூப்பிட்ட நாளைக்குப் போறதுதான். அன்னைக்குக் கூப்பிடல. அம்மா போயி அத்தை பேருக்கு "இருக்கேன்"னு சொல்லிட்டு, அத்தை நிரையில மரம் வெட்டுனாங்க. முதல் நாள் காத்துல ஒடிஞ்சு தொங்கிக்கிட்டிருந்த கிளை ஒண்ணு, அம்மா குனிஞ்சு மரத்துல கட்டுன மங்குல பால் விழுதான்னு பாத்துக்கிட்டிருந்தப்ப மேல விழுந்துருச்சு. தூக்கிட்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுனாங்க. நானும் பின்னாலயே ஓடுனேன். அங்க வைத்தியம் பாக்கற டிரஸர் பெரட்டுப் பேரைக் கேட்டுட்டு அம்மாவைப் பாத்தாரு. "உன் பேரு இன்னைக்கு இல்லையே. நீ வேலையில அடிபடலன்னுதான் நான் சொல்ல முடியும்"னாரு. கை துணி மாதிரி தொங்குது. சேலை முழுக்க ரத்தமும் பாலும். எங்கம்மா அங்க இல்லன்னு அந்த மனுசன் எங்கம்மா மூஞ்சியைப் பாத்தே சொல்றாரு.

இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். கையைக் கட்டித்தான் அனுப்புனாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பல, நஷ்டஈடுன்னு ஒரு பேச்சே எழல. எலும்பு கோணலா சேர்ந்துருச்சு. அதுக்கப்புறம் அம்மா கத்தியே புடிக்கல. அடுத்த வீட்டு அத்தை பச்சைப் புள்ளையைக் கொண்டாந்து அம்மா மடியில போட்டு, "நான் பாவி, நான் பாவி"ன்னு தலையில அடிச்சிக்கிட்டு அழுதாங்க. அம்மா இடது கையால புள்ளையை அணைச்சிக்கிட்டு, "விடு, கிளைக்கு யாரு பேருன்னு தெரியுமா"ன்னு சொன்னாங்க.

அந்தப் பச்சைப் புள்ளைதான் வளர்ந்து எங்க ஆபீஸ்ல ஸ்டோர் பொண்ணா வந்துச்சு. அவங்கம்மா தவறிப் போனதுக்கப்புறம் எங்கம்மாதான் அதுக்கு எல்லாம். எங்கம்மாவை அத்தைன்னு கூப்பிடும், என்னை அக்கான்னு கூப்பிடும். எங்க வீட்டுச் சட்டியைத் திறந்து என்ன குழம்புன்னு பாக்காம அதுக்குப் பொழுது போகாது. கல்யாணம் ஆகி ஒரு பையன். புருசன் லாரி ஓட்டுறாரு, வாரத்துல பாதி நாள் ரோட்டுலதான். ஸ்டோர் வேலையில அது டெம்பரரி. வந்த நாளைக்குத்தான் சம்பளம்.

அந்தப் பையனுக்கு டிங்கி கொசுக் காய்ச்சல் வந்துச்சு. சிரம்பான் ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. மூணு வயசுப் புள்ளை, ரத்தத்துல என்னமோ குறைஞ்சுக்கிட்டே போகுதுன்னு டாக்டருங்க சொன்னாங்களாம். ஸ்டோர் பொண்ணு வார்டைவிட்டு நகரல. இங்க ஆபீஸ்ல பெரிய கிராணி தினமும் காலையில தன் மேசையில உக்காந்து அது பேரைத் திறப்பாரு. முன்னாடியா இருந்தா ஸ்டோர் ரூம் பூட்டைத் திறந்து, அந்தக் கம்ப்யூட்டர் முன்னால போயி உக்காரணும். இப்ப அது தேவையே இல்ல. பேரை அடிச்சா ஸ்டோர் அவரு மேசைக்கே வந்து நிக்குது. உரம், டீசல், புல்லு மருந்து எல்லாம் அது பேர்ல வெளிய போச்சு. அவரு எந்திரிச்சுப் போனா திறந்தபடியே கிடக்கும். மண்டோருங்க வந்து அவங்களே அடிச்சு எடுத்துக்குவாங்க. வருகைக் கணக்குலயும் அது வந்ததாவே எழுதுனாரு.

நான் சும்மா இருப்பேனா? "ஐயா, வேணாம். உங்களுக்கு எங்கம்மா கையைத் தெரியும்ல?"னு கேட்டேன்.

"தெரியும்மா. அது அந்தக் காலம். இது கம்ப்யூட்டர், மேலேருந்து கிளையா விழப் போகுது? அங்க புள்ளை உசுருக்குப் போராடுது, நீ சட்டம் பேசற. மனசாட்சி இருக்கா உனக்கு?"

அன்னைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரிப் பொதுப் போன்ல இருந்து ஸ்டோர் பொண்ணே கூப்பிட்டுச்சு. அழுது அழுது குரலே மாறிப் போயிருந்துச்சு. "அக்கா, கிராணி ஐயா என் பேரைத் திறந்து வச்சுக்கறாராம். அவரை உக்கார வச்சுக் கும்புடணும் அக்கா"ன்னு சொல்லுச்சு. அதுக்கு மேல நான் வாயைத் திறக்கல.

பையன் பொழைச்சிட்டான். ஸ்டோர் பொண்ணு முனியாண்டிக்குச் சுருட்டு வாங்கி வச்சுட்டு வேலைக்குத் திரும்புச்சு. எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சேன். மாசக் கடைசியில சிரம்பான்ல இருந்து ஸ்டோர் சாமான் சரிபாக்க ஆளுங்க வந்தாங்க. புல்லு மருந்து டின்னு ஒரு அடுக்கே காணோம். கம்ப்யூட்டர்ல அது வெளிய போனதா இருக்கு. ஆனா எந்தக் காட்டுலயும் அந்த நாள்ல மருந்தே அடிக்கல. கொடுத்தது யாருன்னு பாத்தா, ஸ்டோர் பொண்ணு பேரு.

அதைத் தொரை ரூமுக்குக் கூப்பிட்டாங்க. தொரை இப்ப வெள்ளைக்காரன் இல்ல, மலாய்க்காரரு, சத்தம் போட்டுப் பேச மாட்டாரு. ஒரு பக்கம் சிரம்பான்ல இருந்து வந்தவங்க, அவங்களோட மிஸ். சம்பளம், வருகை எல்லாம் என் கையில இருக்கறதால என்னையும் கூப்பிட்டாங்க. பெரிய கிராணி சுவரோரமா நின்னாரு.

தொரை மெதுவாத்தான் கேட்டாரு. "இது உன் பேரு. இந்த நாள்ல நீ வேலைக்கு வந்ததாவும் இருக்கு. டின்னு எங்க போச்சு?"

ஸ்டோர் பொண்ணு திரும்பி பெரிய கிராணியைப் பாத்துச்சு. நானும் பாத்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும். 'அவ இங்க இல்ல தொரை, நான்தான் திறந்தேன்.' அவ்வளவுதான். அந்த மனுசன் நிமிர்ந்து ஃபேனைப் பாத்துக்கிட்டு நிக்கறாரு. சாவு வீட்டுக்கெல்லாம் முதல் ஆளா போற மனுசன்!

தொரை மிஸ்ஸைக் கேட்டாரு, "எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து செஞ்சாங்கன்னு தெரியாதா?"

மிஸ் தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு. "இல்ல சார். முன்னாடி புரோகிராம் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, அதனால ஸ்டோர் ரூம்ல யாரு இருந்தாங்கன்னு கேட்டாப் போதும். இப்ப ஆளைத்தான் கேக்கணும். பேரு யாரோடதுன்னு மட்டும்தான் இது எழுதி வைக்குது."

"கிராணி ஐயா, வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னு நான் கத்திட்டேன். தொரை ரூம்னு கூட பாக்கல. அவரு என்னைப் பாக்கவே இல்ல.

ஸ்டோர் பொண்ணு என் கையைப் புடிச்சு அழுத்துச்சு. அது என்ன யோசிச்சுச்சுன்னு எனக்குத் தெரியும், ஏன்னா நானும் அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். இங்க இருந்தேன்னு சொன்னா திருடி. இங்க இல்லன்னு சொன்னா, வராத நாளுக்குச் சம்பளம் வாங்குனவ. ரெண்டுல ஒண்ணைச் சொல்லியே ஆகணும். அது நிமிர்ந்து நின்னு சொல்லுச்சு.

"நான் இங்க இல்ல தொரை. என் புள்ளையோட ஆஸ்பத்திரியில இருந்தேன். வார்டுல கேட்டுப் பாருங்க. என் புள்ளை பக்கத்துல இருந்தேன்னு சொல்ல எனக்கு என்ன வெக்கம்?"

"அப்ப உன் பேரைத் திறந்தது யாரு?"

அது பேசல. எனக்குக் கோவம் தலைக்கு ஏறிருச்சு. "சொல்லேண்டி!"ன்னேன். அந்தாளு செஞ்ச உதவியைக் காட்டிக் கொடுக்க அதுக்கு மனசு வரல. நான்தான் சொன்னேன். பேரைத் திறந்தது யாரு, வருகை எழுதுனது யாரு, முனியாண்டி யாரு, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அப்பதான் பெரிய கிராணி ஃபேனை விட்டுக் கண்ணை இறக்குனாரு. "பாவம் பாத்துச் செஞ்சேன் தொரை. டின்னு விஷயம் எனக்குத் தெரியாது. திறந்து கிடந்தது, யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம்." அது உண்மையாவும் இருக்கலாம். டின்னை யாரு எடுத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

வார்டுல விசாரிச்சாங்க. அது சொன்னது உண்மைன்னு தெரிஞ்சுச்சு. திருட்டு அது தலையில விழல. நான் அப்பாடான்னு மூச்சு விட்டேன். மறுநாள் தொரை என்னைக் கூப்பிட்டு, ஸ்டோர் பொண்ணை வேலைய விட்டு நிறுத்தறதா கடுதாசி அடிக்கச் சொன்னாரு. வராத நாளுக்குச் சம்பளம் வாங்குனது குத்தமாம். பெரிய கிராணிக்கு எச்சரிக்கைக் கடுதாசி ஒண்ணு. "தொரை, இது என்ன நியாயம்?"னு கேட்டேன். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நிரூபிக்க முடிஞ்சது அது ஒண்ணுதான்"னு சொன்னாரு. நான் அடிக்க மாட்டேன்னுட்டேன். கடைசியில அதை பெரிய கிராணிதான் அடிச்சாரு.

வேலை போனா வீடும் போகும், தோட்டத்துச் சட்டம் அது. புருசன் லாரியிலயே சாமானை ஏத்திக்கிட்டு ரந்தாவ்ல ஒரு வாடகை வீட்டுக்குப் போயிட்டாங்க. போறப்ப எங்கம்மா வாசல்ல நின்னு பையனோட தலையைத் தடவிக் கொடுத்தாங்க, கோணக் கையால.

ரெண்டு மூணு வாரம் இருக்கும். ட்ராக்டர் ஓட்டுறவங்க ஓவர்டைம் கணக்குக்காக, டீசல் எத்தனை மணிக்குப் போட்டாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். அன்னைக்குக் காலையில போட்ட டீசல். கொடுத்தவங்க பேரு இருக்கற இடத்துல கண்ணு போச்சு. ஸ்டோர் பொண்ணு பேரு. எந்திரிச்சு ஸ்டோர் ரூம் வரைக்கும் போயிப் பாத்தேன், பைத்தியக்காரி மாதிரி. கதவு பூட்டியிருக்கு. முதல் நாளைப் பாத்தேன், அதுலயும் அது பேரு. அதுக்கு முதல் நாள், அதுலயும். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போன பொண்ணு ஒரு நாள் விடாம வேலைக்கு வந்திருக்கு!

பெரிய கிராணி மேசைக்குப் போனேன். ஸ்க்ரீன்ல மேலயே அது பேரு. அவரு சாவகாசமா கோப்பி குடிச்சிக்கிட்டு உர மூட்டைக் கணக்கை அடிச்சிக்கிட்டிருந்தாரு.

"ஐயா, என்ன ஐயா இது?"

அவரு என்னை ஆச்சரியமா பாத்தாரு. "என்ன பண்றதும்மா? என் பேரைத் திறந்தா ஸ்டோர் வர மாட்டேங்குதே. அவ பேருக்குத்தானே கொடுத்து வச்சிருக்காங்க. புது ஆளு வர்ற வரைக்கும் வேலை ஓட வேணாமா?"

அவரு கள்ளத்தனமா சொல்லல, அதைத்தான் என்னால தாங்கிக்க முடியல. அவருக்கு அதுல ஒரு தப்பும் தெரியல. நாளைக்கு இன்னொரு அடுக்கு டின்னு காணாமப் போனா, ரந்தாவ்ல இருக்கற பொண்ணைத் தேடிக்கிட்டு போலீஸ் ஜீப்பு போகும். நான் உடனே சிரம்பானுக்குப் போன் பண்ணேன். மிஸ்ஸும் அதிர்ந்துதான் போச்சு. "எனக்கு யாருமே சொல்லலையே அக்கா. ஆனா நீங்க சொல்லி நான் எடுக்க முடியாது. பெரிய கிராணி சொல்லணும், இந்த ஆளு இப்ப இல்லன்னு"ன்னு சொல்லுச்சு. அவருகிட்ட சொன்னேன். "சொல்லலாம், சொல்லலாம், புது ஆளு வரட்டும்"னாரு.

அன்னைக்குச் சாயங்காலம் அம்மாவை மோட்டார் சைக்கிள்ல பின்னால உக்கார வச்சிக்கிட்டு ரந்தாவுக்குப் போனேன். ஸ்டோர் பொண்ணு இப்ப பாசார்ல ஒரு காய்கறிக் கடையில வேலைக்கு நிக்குதாம். அப்பதான் வந்து, கால்ல ஒட்டுன கீரைத் தழையைக் கூட கழுவாம உக்காந்திருந்துச்சு. நான் எல்லாத்தையும் சொன்னேன். அது பேரு இன்னும் தினமும் டீசல் போடுது, உரம் கொடுக்குதுன்னு சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டுக்கிட்டிருந்துட்டு, திடீர்னு சிரிச்சுச்சு.

"போகட்டும் அக்கா. என் பேருக்காவது வேலை இருக்கே லா!"

சிரிச்சுக்கிட்டே இருந்த மூஞ்சி அப்படியே கோணிப் போச்சு. முந்தானையால வாயை அடைச்சுக்கிட்டு அழுதுச்சு. பையன் ஒண்ணும் புரியாம அது முதுகைத் தட்டிக் கொடுத்தான். நானும் அழுதுட்டேன். அம்மா மட்டும் அழல. எந்திரிச்சுப் போயி பையனுக்குச் சோறு பிசைஞ்சாங்க.

திரும்பி வர்ற வழியில, தோட்டத்து முனை வந்ததும் அம்மா என் தோளைத் தட்டுனாங்க. "நாளைக்குப் போனதும் அவ பேரை அங்கேருந்து எடுத்துரு."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா. கிராணி சொல்லணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்னொரு கிளை விழறதுக்குள்ள எடுத்துரு."

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் நான்தான் முதல் ஆளு. பெரிய கிராணி இன்னும் முனியாண்டிக்கு ஊதுபத்தி கொளுத்திக்கிட்டிருந்தாரு. அவரு மேசையிலயே உக்காந்தேன். ஸ்டோர் பொண்ணோட பேரை அடிச்சேன். பாஸ்வேர்ட் கேட்டுச்சு. என்ன அடிக்கணும்னு நான் யோசிச்சு வைக்கல. விரல் தானா எங்கம்மா பேரை அடிச்சுச்சு.

தப்புன்னு சொல்லுச்சு.

மறுபடியும் அம்மா பேரையே அடிச்சேன். மறுபடியும் தப்புன்னு சொல்லுச்சு. அந்த டிரஸர் மூஞ்சி என் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. சொல்லு, நல்லா சொல்லு, இன்னைக்குத்தான் நீ சொல்றதுல ஒரு புண்ணியம் இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே மூணாவது தடவையும் அடிச்சேன். பூட்டிக்கிச்சு.

பெரிய கிராணி வந்து உக்காந்தாரு. முனியாண்டியை அடிச்சாரு. திரும்பவும் அடிச்சாரு. "ஏம்மா, அவ பேரு திறக்க மாட்டேங்குதே?"

"அவ வேலைக்கு வரல ஐயா."

வெளிய டீசலுக்கு ட்ராக்டர் வரிசையா நின்னு ஆரன் அடிக்கறாங்க. வேற வழி இல்ல. போனை எடுத்து சிரம்பானுக்குக் கூப்பிட்டாரு. அந்தப் பக்கம் மிஸ் என்னமோ கேட்டுச்சு. அவரு தலையைத் தூக்கி ஃபேனைப் பாத்தாரு. நான் நகரவே இல்ல. அப்புறம் கண்ணை இறக்கி, அந்தப் பொண்ணு தொரை ரூம்ல நின்னுக்கிட்டு எந்த வார்த்தைக்காக அவரு மூஞ்சியைப் பாத்துச்சோ, அந்த வார்த்தையைச் சொன்னாரு.

"அவ இங்க இல்ல மிஸ். நான்தான் திறக்கறேன்."